ஒவ்வாமை எதுவும் இல்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பேச என்னைக் கூப்பிடுவது இப்போது குறைந்துவிட்டது. கூப்பிட்டால் இதைத்தான் சொல்வேன் என்று தெரிந்துவிட்டது போல. போன தடவை ஏற்பாட்டாளர் ஒருவர், “மிஸ், கொஞ்சம் உற்சாகமான அனுபவம் ஏதும் இல்லையா?” என்று பவ்வியமாகக் கேட்டார். இல்லை. கொழும்பில் மென்பொருள் சோதனைப் பிரிவிலேயே தலை நரைத்தவள் நான். வெற்றிக் கதை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அவர்கள் பேசி முடித்த பிறகு தேத்தண்ணியும் கட்லட்டும் கொடுப்பார்கள், சந்தோசமாகச் சாப்பிடுங்கள். நான் சொல்லப்போவது கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி. அவர் சொன்ன உண்மையை எங்கள் மென்பொருள் அழித்தது. பெற்ற மகனே அவரை நம்பாமல் போனான்.

நகரத்தில் ஒரு தனியார் வைத்தியசாலை. பெயர் வேண்டாம். அவர்களுடைய நோயாளர் பதிவுகளை வைத்திருந்த பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியது போடும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஆரம்பத்தில் சில நாட்கள் நான் அவர்களுடைய பதிவுக் கவுண்டருக்குள் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆட்கள் உண்மையில் என்ன தட்டுகிறார்கள் என்று பார்க்காமல் சோதனை எழுதுவது எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் அந்தப் பழக்கம் வரட்டும். குளிரூட்டிய அறைக்குள் இருந்து யோசித்தால் எல்லா நோயாளியும் ஆங்கிலத்தில்தான் நோய்ப்படுவார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் ஸ்டெலா தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் ஆறாத புண், கட்டுப் போட்டிருந்தது. மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கவுண்டர் பிள்ளை வழக்கம்போலக் கேட்டாள். அவர் சும்மா சிரித்தார். ஸ்டெலாதான் சொன்னார்: முன்பொரு தடவை பெனிசிலின் ஊசி போட்டு, தொண்டை வீங்கி, பாதிரியாரைக் கூப்பிடுகிற அளவுக்குப் போய்த் திரும்பி வந்தவராம். பிள்ளை ஆங்கிலத்தில் சுருக்கமாகத் தட்டத் தொடங்கினாள். ஸ்டெலா தடுத்தார்.

“தமிழில எழுதுங்க பிள்ளை. நான் வாசிச்சுப் பார்க்கணும். இவருக்கு இங்க எத்தனை தரம் வர இருக்கோ தெரியாது. வாற இடமெல்லாம் நான் பின்னால நின்டு சொல்லிக்கொண்டிருக்க ஏலாது தானே. இதில இருந்தா எனக்கு நிம்மதி.”

பிள்ளை தமிழில் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஸ்டெலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையில் விரல் வைத்து, மெல்ல வாசித்தார். பெனிசிலின் ஊசி போடக்கூடாது, தொண்டை வீங்கும். வாசித்து முடித்துத் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில் இருந்தேன். என்ன இருக்க வேண்டும் என்று என் கண்ணாலேயே பார்த்த பதிவு என்பதால், அதையே எனக்குச் சோதனைப் பதிவாக வைத்துக்கொண்டேன். அந்த நோயாளர் இலக்கம் என் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைவிட நன்றாக மனதில் நின்றது.

இப்போது எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழர்களும் சிங்களவர்களும் முஸ்லிம்களும் இருந்த அலுவலகம். மத்தியானம் எல்லோரும் சோற்றுப் பார்சலை நடுவில் வைத்து, மூன்று மொழியிலும் கலந்து கதைத்துச் சாப்பிடுவோம். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் ஆங்கிலப் பெயர் வந்துவிடும். சோதனைக்குப் போடுகிற நோயாளி எப்போதும் ஜோன் தான், வியாதி ஏபிசி, விலாசம் டெஸ்ட் டெஸ்ட். எங்கள் அலுவலகத்தில் ஒரு ஜோனும் இருந்ததில்லை. தன் சொந்தப் பெயரைத் தமிழில் தட்டிப் பார்த்தவர் யார் என்று ஒருமுறை கேட்டேன். கீபோர்டில் தமிழ் எங்கே இருக்கிறது என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். வெளிநாட்டுக்காரன் செய்த மென்பொருள் எங்கள் பெயரைச் சிதைத்தால் நாங்கள் பேஸ்புக்கில் பொங்குவோம். நாங்களே செய்தால் அது கண்ணிலேயே படாது.

புதிய மென்பொருளுக்குள் பழைய பதிவுகளைக் கொண்டுவந்த அன்று அது கண்ணில் பட்டது. என் சோதனைப் பதிவைத் திறந்தேன். தமிழ் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில a, பக்கத்தில் வட்டத்துக்குள் R, மறுபடி அதே a, அதே R என்று வரிசையாக ஓடியது. மற்றப் பதிவுகளிலும் அதே கோலம். சிலவற்றில் அந்த R இருக்கிற இடத்தில் பந்தி பிரிக்கிற ¶ குறி இருந்தது. அவை சிங்களத்தில் எழுதப்பட்டவை. பழகிய கண்ணுக்கு எது எந்த மொழி என்பதுகூடத் தெரியும்.

இது ஏன் வருகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் அறையில் இருந்தவர்களும் படித்தவர்கள்தான். கணினியிடம் எழுத்து இல்லை, எண்தான் இருக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அதாவது ஒரு சின்ன எண், போதும். யூடிஎஃப்-8 முறையில் ‘க’ எழுத மூன்று பைட் வேண்டும், ‘கு’ எழுத ஆறு. பழைய மென்பொருள் ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வொரு ஆங்கில எழுத்தென்று நினைத்து வைத்தது. எடுக்கும்போதும் அதே பிழையைச் செய்து எடுத்தது. போட்ட பிழையும் எடுத்த பிழையும் ஒன்றையொன்று மறைத்ததால் இத்தனை காலம் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. எங்கள் புதிய மென்பொருள் சரியாக நடந்துகொண்டது, அதனால் பழைய பிழை வெளியே வந்தது. முக்கியமான விசயம், பைட் ஒன்றும் தொலையவில்லை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்கிற அட்டவணை ஒன்று உண்டு, தவறான அட்டவணையை வைத்து வாசிக்கிறோம், அவ்வளவுதான். அட்டவணையை மாற்றி வாசித்தால் அத்தனையும் திரும்பி வரும். எழுத்துக் கேள்விக்குறியாக மாறியிருந்தால் அழலாம். இப்படிக் கோணல்மாணலாக இருந்தால் கையை வைக்காமல் யோசிக்க வேண்டும்.

அடுத்த நாள் வைத்தியசாலையின் தலைவர் வந்து புதிய மென்பொருளைத் தொடக்கி வைப்பதாக இருந்தது. எங்கள் திட்ட முகாமையாளர் மோகன். என்னைவிட இளையவர், யாழ்ப்பாணத்து ஆள், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தார். மழை என்றால் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போவார். பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் எல்லோரும் கொஞ்சம் உசாராக இருந்திருப்போம். அவர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்து, இந்தக் குப்பை எங்கே இருந்து வந்தது என்று கேட்டார். குப்பை என்ற சொல் அந்த நிமிடமே அறைக்குள் நிலைத்துவிட்டது. ஆங்கிலம் இல்லாத எல்லாவற்றையும் துடைத்துவிடுகிற ஒரு சின்ன நிரலை ஓட்டினால் போதும் என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது.

நான் எழுந்து நின்று சொன்னேன். இது குப்பை இல்லை, தமிழும் சிங்களமும், நோயாளிகள் சொன்னது, மருந்து பற்றியது. ஒரு நாள் தாருங்கள், திருப்பி எடுக்கலாம் என்றேன். மோகன் பொறுமையாகத்தான் கேட்டார்.

“அக்கா, நாளைக்குச் சேர்மனுக்கு முன்னால உதைக் காட்டேலாது. டொக்டர்மாரும் வருவினம். முக்கியமானதெல்லாம் இங்கிலீசிலதானே இருக்கு. ஆர் உதையெல்லாம் வாசிக்கப் போகினம்?”

அவருடைய தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் ஒழுங்கை மருந்துக்கடையில் அந்த அம்மாவுக்கு நான் மாத்திரைப் பெட்டி வாசித்துக் காட்டியிருக்கிறேன். அதை அன்று அவரிடம் சொல்லவும் செய்தேன். சொன்னது பிடிக்கவில்லை. நிரலை ஓட்டினார்கள்.

துடைத்து முடிந்ததும் என் சோதனைப் பதிவை மறுபடி திறந்தேன். ஒவ்வாமைக் கட்டம் காலி. வார்டில் தாதிமார் பார்க்கிற திரையையும் திறந்து பார்த்தேன். அங்கே காலியாக இல்லை. பச்சை நிறத்தில், ஆங்கிலத்தில், ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது. கட்டம் காலியாக இருந்தால் அப்படிக் காட்ட வேண்டும் என்று யாரோ ஒருவர் எப்போதோ எழுதியிருக்கிறார். அழகாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இதைத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறேன். அந்தக் கோணல் எழுத்துகள் அப்படியே இருந்திருந்தால் ஒரு தாதி அதைப் பார்த்து, இதென்ன சனியன் என்று திட்டிக்கொண்டாவது யாரையாவது கேட்டிருப்பாள். அசிங்கமாக இருந்தாலும் இங்கே ஏதோ இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் துடைத்துச் சுத்தமாக்கி, இல்லை என்று சொல்ல வைத்தோம். கேட்டோம், இல்லை என்றார்கள் என்பதும், கேட்கவே இல்லை என்பதும், சொன்னார்கள், நாங்கள் தொலைத்துவிட்டோம் என்பதும் எங்கள் திரையில் ஒரே பச்சை நிறம்.

மிகக் கடுமையான பிழை என்று அன்றே பதிவு செய்தேன். தொடக்க விழாவுக்குப் பிறகு பார்ப்போம் என்று மோகன் அதைப் பிழைப் பட்டியலில் கீழே இறக்கினார். விழா நன்றாக நடந்தது. வைத்தியசாலையின் சின்னம் போட்ட கேக் வெட்டினார்கள். திரையில் ஜோனின் பதிவைத் திறந்து காட்டினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்பேன், ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த பதிப்பில் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற தரவில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. கேட்டுக் கேட்டு நான் அலுவலகத்தில் ஒரு பகிடியானேன். கூட்டத்துக்குள் நுழையும்போதே, அக்கா பச்சை நிறத்தைப் பற்றிக் கதைக்கப் போறா என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பிறகு வைத்தியசாலையில் இருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இந்த இலக்கமுடைய நோயாளிக்கு ஒவ்வாமை பற்றி ஏதும் பதியப்பட்டிருந்ததா என்று உறுதிப்படுத்தித் தரவும். அது என் சோதனைப் பதிவின் இலக்கம்.

நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் அறிந்தேன். கால் புண் பழுத்துக் காய்ச்சல் ஏறி, நினைவு தப்பிய நிலையில் ஸ்டெலாவின் கணவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்டெலாவைக் கீழே அனுமதிக் கவுண்டரில் நிறுத்திவிட்டார்கள். மேலே தாதி கணவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள், பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. திரையைப் பார்த்தாள். பச்சை. ஊசி போட்டார்கள். ஸ்டெலா மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தாதியைக் குறை சொல்லாதீர்கள். திரையை நம்புங்கள் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் நாங்கள்.

மின்னஞ்சலுக்கு மோகன் பதில் எழுதினார். கணினி முறைமையில் அத்தகைய பதிவு எதுவும் காணப்படவில்லை. அந்த வசனத்தில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த ஒரு வசனத்தை வைத்து வைத்தியசாலை குடும்பத்துக்குச் சொன்னது, நீங்கள் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பதிவில் இருந்திருக்கும் என்று.

நான் சேர்வர் பிரிவிடம் போய், துடைப்பதற்கு முன் எடுத்து வைத்த பிரதியைக் கேட்டு வாங்கினேன். என் மேசையில் வைத்துச் சரியான அட்டவணையால் வாசித்தேன். ஒரு மத்தியான வேலை. ஒரு நாள் கேட்டிருந்தேன், அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. வரி வரியாகத் தமிழ் வந்தது, சிங்களம் வந்தது. ஆஸ்துமாக்காரர், வலிப்புக்காரர், இறால் ஒத்துக்கொள்ளாதவர், எல்லோரும் வந்தார்கள். அவரும் வந்தார். பெனிசிலின் ஊசி போடக்கூடாது, தொண்டை வீங்கும். கழிவறைக்குப் போய் அழுதேன். கோபத்தில் வந்த அழுகை, இப்போதும் அது அடங்கவில்லை.

மோகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். முகம் வெளிறிப்போனது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்:

“மற்ற ஆக்களின்ர பதிவுகளை இண்டைக்கே ஏத்துவம். ஆனா எழுதின பதிலை மாத்தேலாது அக்கா. கொம்பனி நிக்காது. அந்த மனுசன் இனித் திரும்பி வரப்போறேல்லை.”

“மனுசி இருக்கிறா,” என்றேன்.

அன்றே எல்லாப் பதிவுகளையும் சத்தமில்லாமல் ஏற்றினார்கள். காலிக் கட்டத்துக்குப் பச்சை காட்டுவதையும் நிறுத்தினார்கள். வாடிக்கையாளருக்குப் போன குறிப்பில், தமிழ், சிங்களக் காட்சி மேம்படுத்தப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. மேம்படுத்தப்பட்டதாம். அந்த வரியை எழுதியவருக்குக் கை கூசியிருக்குமா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

பதிலைத் திருத்தச் சொல்லி மேலிடம் வரை போனேன். சட்டத்தரணியைக் கேட்டிருக்கிறோம், பொறுங்கள் என்றார்கள். பொறுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மீட்டெடுத்த அந்தப் பதிவையும், அது அழிந்த விதத்தையும் நானே வைத்தியசாலைக்கு எழுதி அனுப்பினேன். அனுப்பிய அன்றே அலுவலகக் கதவைத் திறக்கிற என் அட்டை வேலை செய்யாமல் போனது. ஓய்வுபெற்ற சோதனை முகாமையாளர் என்று அழைப்பிதழ்களில் என் பெயருக்குக் கீழே போடுகிறார்கள். ஓய்வு நான் கேட்டு வாங்கியதில்லை. என் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரராம், கூட்டங்களை இழுத்தடிப்பதில்லையாம். மோகன் இப்போது கனடாவில் பெரிய பதவியில் இருக்கிறார். வருசப் பிறப்புக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவார். நான் பதில் போடுவதில்லை.

வைத்தியசாலைக்கு எழுதிய கையோடு, பதிவில் இருந்த விலாசத்தை வைத்துக் கொட்டாஞ்சேனைக்கும் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரம். ஒழுங்கைக்குள் இரண்டாம் மாடி வீடு. கதவு திறந்திருந்தது. ஸ்டெலா துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. கவுண்டருக்குள் கதிரை போட்டிருந்த ஒருத்தியை யார் நினைவில் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் கதிரையில் இருந்த துணியை எடுத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார், ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை, அந்தக் கம்பியூட்டரைச் செய்த இடத்தில் இருந்தவள் என்றேன். துணி மடிப்பதை நிறுத்தினார்.

“நான் சொல்லலைன்னு சொல்றாங்க மிஸ். நான் வாசிச்சேன். கண்ணாடி போட்டு வாசிச்ச மாதிரித்தான் ஞாபகம். இப்ப அதுவும் நிச்சயம் இல்ல. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு. பதட்டத்தில மறந்திருப்பீங்க அம்மான்னு மகன் சொன்னான். அதுக்குப் பிறகு அவன் என்னோட ஒழுங்கா கதைக்கிறதில்ல. நான்தான் அவரைக் கொன்ன மாதிரி.”

நான் போகும்போது விளக்கங்களோடுதான் போயிருந்தேன். பைட், அட்டவணை, துடைத்த நிரல், பச்சை நிறம், எல்லாம் எளிமையாகச் சொல்ல பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் அத்தனையையும் விட்டுவிட்டேன். அவருக்குத் தேவைப்பட்டது அதில் ஒன்றும் இல்லை.

“நீங்கள் சொன்னீங்கள்,” என்றேன். “அந்தப் பிள்ளை தமிழில எழுதினது. நீங்கள் வாசிக்கேக்க நான் பக்கத்தில இருந்தனான். நாங்கள்தான் அதை அழிச்சது.”

அவர் அழுவார், அல்லது என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் ஆயத்தமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் மடியில் இருந்த சட்டையைப் பக்கத்தில் வைத்தார். திரும்பி, சாத்தியிருந்த உள் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்,” என்றார். “கொஞ்சம் சத்தமா. மகன் உள்ளுக்கு இருக்கிறான்.”